லண்டன் கைம்பெண்களும் பிணைப்பு ஆய்வின் தொடக்கமும்

மணமான பெண்ணின் மனத்தில் கணவர் எந்த இடத்தைப் பெறுகிறார், அந்த இடம் உறுதியாக இருக்கும்போதும் ஆட்டங்காணும்போதும் அப்பெண்ணின் மனநலத்துக்கு என்ன நேர்கிறது என்னும் கேள்விகளை உளவியல் முறையாக ஆராயத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். இன்று இவ்வாராய்ச்சியில் பெரிதும் பயன்படும் வினாத்தாள்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்து உருவாக்கப்பட்டவை என்றாலும், வயதுவந்தோருக்கிடையேயும் பிணைப்பு உண்டு என்ற கருத்துக்கு முதல் வலுவான சான்றுகளைத் தந்தவர்கள் லண்டனில் கணவரை இழந்து வாழ்ந்த பெண்களே. பிணைப்பு என்பது, அச்சமோ நோயோ தளர்ச்சியோ நேரும்போது ஒரு குறிப்பிட்ட மனிதரின் அருகாமையை நாடவும், அவர் அருகிலிருந்தால் அமைதியடையவும், பிரிய நேர்ந்தால் கலங்கவும் செய்கிற நிலைத்த மனவுறவைக் குறிக்கும். அத்தகைய உறவில் ஒருவர் எதை எதிர்பார்க்கவும் எதற்கு அஞ்சவும் பழகியிருக்கிறாரோ அந்தப் பழக்கத்தின் வடிவமே பிணைப்புப் பாங்கு எனப்படுகிறது.

இக்கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பி 1907இல் லண்டனில் பிறந்து, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்நகரின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவை நடத்தி வந்த மனநல மருத்துவர். உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக அவர் எழுதி 1951இல் வெளிவந்த அறிக்கை, தாயின் இடையறாத அரவணைப்பு இல்லாத குழந்தையின் மனவளர்ச்சி குன்றும் என்று வாதிட்டது. அதன் சுருக்கப் பதிப்பு 1953இல் பொதுவாசகர்களிடம் பரவலாகச் சென்று சேர்ந்தது. அந்த அறிக்கை குழந்தைகளுக்கு நன்மை செய்தது, குறிப்பாக மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் தாயைப் பிரிந்து கிடந்த குழந்தைகளின் துயரைப் பார்க்க மறுத்தவர்களின் கண்ணைத் திறந்தது. ஆனால் அதில் வரும் பெண் அரவணைப்பை வழங்குபவராக மட்டுமே தோன்றுகிறார்; அவருக்கும் அஞ்சும் நேரத்தில் ஒருவருடைய அருகாமை தேவைப்படும், அது கிடைக்காதபோது அவருடைய மனமும் குழந்தையின் மனத்தைப் போலவே கலங்கும் என்ற பார்வை அங்கே இன்னும் வேர்விடவில்லை. வேலைக்குச் செல்லும் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கும் கருத்து என்று பெண்ணியவாதிகள் பின்னாளில் பௌல்பியின்மீது வைத்த குற்றச்சாட்டுக்கு அந்த ஒருபக்கப் பார்வை இடம்கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. அப்பார்வை மாறுவதற்குரிய சான்றுகள் கிழக்கு லண்டனிலிருந்து வந்தன.

1954இல் மைக்கேல் யங் நிறுவிய சமூக ஆய்வுக் கழகம் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் இயங்கி வந்தது. கைவினைஞர்களும் துறைமுகக் கூலிகளும் நெருக்கமாக வாழ்ந்த அப்பகுதியில், மணமான மகள் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதும் நாள்தோறும் போய்வருவதும் இயல்பு என்பதை யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1957இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டியிருந்தது. அதே கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மாரிஸ், இளமையிலும் நடுவயதிலும் கணவரை இழந்த 72 பெண்களை அவர்களுடைய வீடுகளிலேயே சந்தித்துப் பேசி, 1958இல் ஒரு நூலாக வெளியிட்டார். மருத்துவராகவன்றிச் சமூகவியலாளராகச் சென்ற மாரிஸ், பெண்களின் துயரத்தோடு அவர்களுடைய வரவுசெலவையும் கேட்டு எழுதினார். அன்றைய காப்பீட்டு விதிப்படி, கைம்பெண் வேலைக்குப் போய்க் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஈட்டினால் அவருடைய உதவித்தொகை குறைக்கப்பட்டது. கணவரின் வருமானத்தை இழந்த வீட்டில் மனைவியின் உழைப்புக்கும் இவ்வாறு தண்டம் விதிக்கப்பட்டதை மாரிஸ் கடுமையாக எடுத்துக்காட்டினார். அந்த விதி 1964இல் நீக்கப்பட்டது.

மாரிஸின் பதிவுகளில் உளவியலுக்கு முக்கியமானது வேறொன்று. தாயும் உடன்பிறந்தாரும் கூப்பிடு தொலைவில் இருந்தும், பல பெண்கள் அவர்களுடைய ஆறுதலை ஏற்க முடியாமல் ஒதுங்கினர். உதவி குறையவில்லை, ஆனால் அந்த உதவி எட்டாத ஓரிடத்தில் அவர்களுடைய தனிமை இருந்தது. கணவர் இன்னும் வீட்டில் இருப்பதாக உணர்ந்தவர்களும் அவர்களிடையே பலர். உறவினர் சூழ வாழ்ந்தும் தணியாத இத்தனிமையைச் சமூகவியல் கலைச்சொற்களைக் கொண்டு விளக்க முடியவில்லை. அதற்குரிய விளக்கம், குழந்தையின் பிரிவுத் துயரை ஆராய்ந்துகொண்டிருந்த டாவிஸ்டாக்கில் காத்திருந்தது.

1962இல் பௌல்பியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்த மனநல மருத்துவர் காலின் மர்ரி பார்க்ஸ், முதலில் லண்டனைச் சேர்ந்த 44 கைம்பெண்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து, 65 வயதுக்குட்பட்டவர்கள் மனத்துயர் தொடர்பாகக் குடும்ப மருத்துவரை நாடியது கணவர் இறந்த முதல் ஆறு மாதங்களில் மும்மடங்குக்கு மேல் கூடியதை 1964இல் வெளியிட்டார். அடுத்து, அதே வயது வரம்புக்குட்பட்ட 22 பெண்களைக் கணவர் இறந்த முதல் மாதத்திலிருந்து ஏறக்குறைய பதின்மூன்றாம் மாதம் வரை ஐந்து முறை சந்தித்துப் பேசினார். 22 என்பது சிறிய எண்ணிக்கைதான்; ஆயினும் ஒரே பெண்ணை ஓராண்டுக்காலம் மீண்டும் மீண்டும் சந்தித்ததால், துயரம் எப்படித் தொடங்கி எப்படி உருமாறுகிறது என்பதை நினைவுக்குறிப்புகளை நம்பாமல் நேராகவே காண முடிந்தது.

1970இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, முதலில் வந்தது மரத்துப்போன நிலை. பலருக்கு அழுகையே வரவில்லை. சில நாட்களில் அது கலைந்து, ஏக்கமும் தேடலும் தலைதூக்கின. தெருவில் எதிரே வருபவர் ஒரு கணம் கணவராகத் தெரிந்தார். இரவில் மரப்படி முனகினாலோ கதவுப் பக்கம் ஓசை கேட்டாலோ அவர் வந்துவிட்டதாக உடல் தானே திரும்பியது. இறந்தவரைத் தேடுவது அறிவுக்குப் பொருந்தாது என்று நன்கு தெரிந்திருந்தும், அவர் வழக்கமாக இருந்த இடங்களை நோக்கியே கால்கள் சென்றன. மருத்துவர்மீதும் சுற்றத்தார்மீதும் சில வேளை இறந்தவர்மீதுமே சினம் மூண்டது. பின்னர் நம்பிக்கையிழந்து சோரும் காலம் வந்தது. அதன் முடிவில், எல்லோருக்கும் அல்லவெனினும், வாழ்க்கையை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் கட்டம் வந்தது. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் விடப்பட்ட சிறு குழந்தை முதலில் எதிர்த்து அழுது, பிறகு சோர்ந்து, இறுதியில் பற்றற்றுப்போகும் வரிசையை டாவிஸ்டாக் குழு ஏற்கெனவே விவரித்திருந்தது. இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பௌல்பியும் பார்க்ஸும், தேடலும் சினமும் நோய்க்குறிகள் அல்ல, பிணைப்பு அறுபடும்போது எந்த வயதிலும் எழும் இயல்பான எதிர்வினைகள் என்று 1970இல் கூட்டாக எழுதினர். குழந்தையைப் பற்றிய கோட்பாடாக இருந்தது மனித வாழ்நாள் முழுமைக்குமான கோட்பாடாக விரிந்ததும், அரவணைப்பை வழங்குபவராக மட்டுமே காணப்பட்ட பெண் அதைத் தேடுபவராகவும் தென்படத் தொடங்கியதும் இங்கேதான். அவர் கணவரை இழந்த பிறகே அது அறிஞர்களின் கண்ணில் பட்டது என்பது வருந்தத்தக்கது.

துயரத்தைப் பற்றிய இவ்வறிவு விரைவிலேயே நடைமுறைக்கும் வந்தது. கைம்பெண்களுக்கு உதவ மார்கரெட் டோரி 1959இல் லண்டனை அடுத்த ரிச்மண்டில் தொடங்கிய குரூஸ் அமைப்போடும், சிசிலி சாண்டர்ஸ் 1967இல் திறந்த புனித கிறிஸ்டோபர் இறுதிநிலை நோயாளர் இல்லத்தோடும் பார்க்ஸ் நெடுங்காலம் இணைந்து பணியாற்றினார்.

அட்லாண்டிக்கின் மறுகரையில், பாஸ்டன் நகரில், ராபர்ட் வைஸ் என்னும் சமூகவியலாளர் இதே இழையைப் பற்றிக்கொண்டார். 45 வயதுக்குட்பட்ட 49 கைம்பெண்களையும் மனைவியை இழந்த 19 ஆண்களையும் பற்றி ஹார்வர்டில் நடந்த ஆய்வில் அவர் பார்க்ஸுடன் பங்கேற்றார். மணமுறிவு பெற்றவர்களையும் பிரிந்து வாழ்ந்தவர்களையும் சந்தித்து 1975இல் ஒரு நூலும் எழுதினார். மதிப்பும் நம்பிக்கையும் விருப்பமும் எல்லாம் தேய்ந்துபோன பிறகும், பிரிவைத் தானே கேட்டுப் பெற்றவருக்கும்கூட, பிரிந்த துணைக்காகப் பதைக்கும் உணர்வு நீங்குவதில்லை என்று அவர் கண்டார். அன்பும் பிணைப்பும் ஒன்றல்ல என்ற இவ்வேறுபாடு, கொடுமைக்காரக் கணவரை விட்டு வந்த பெண் ஏன் திரும்பிப் போகத் துடிக்கிறார் என்று வியப்பவர்களுக்கு இன்றும் தேவைப்படுகிற அறிவு. நண்பர் கூட்டம் இல்லாததால் வரும் தனிமை வேறு, பிணைப்புக்குரிய ஒருவர் இல்லாததால் வரும் தனிமை வேறு, முதலாவதைப் போக்கும் மருந்து இரண்டாவதைத் தீர்க்காது என்று அவர் 1973இலேயே வகைப்படுத்தியிருந்தார். பெத்னல் கிரீன் பெண்கள் உறவினரின் ஆறுதலிலிருந்து ஒதுங்கியதன் காரணம் அதில் தெளிவாகிறது.

கணவர் உயிருடன் இருக்கும் வீடுகளின் நிலை என்ன என்ற கேள்விக்கு விடை தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள கேம்பர்வெல்லில் தேடப்பட்டது. லண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் அப்பகுதியில் 18 முதல் 65 வயது வரையுள்ள 458 பெண்களைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்து நேர்காணல் செய்து, மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்கள் பற்றி 1978இல் வெளியிட்ட நூல் இத்துறையின் போக்கையே மாற்றியது. அவர்களுடைய முறை பொறுமை கோருவது: கடந்த ஓராண்டில் நடந்தவற்றை, வேலையிழப்பு முதல் மகன் சிறைசென்றது வரை, நாள்வரிசைப்படி கேட்டு, ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணின் சூழ்நிலையில் எவ்வளவு கனமானது என்பதை அவருடைய உணர்ச்சி வெளிப்பாட்டை அறியாத ஆய்வாளர்கள் கூடிப் பேசி மதிப்பிட்டனர். கடும் நிகழ்ச்சிகளும் நீடித்த நெருக்கடிகளுமே பெரும்பாலான மனச்சோர்வுகளைத் தூண்டின என்பதும், சிறு குழந்தைகளோடு வீட்டிலிருந்த தொழிலாளர் வர்க்கப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்பதும் இவ்வாறு புலப்பட்டன.

அடி ஒன்றே ஆயினும் விழுபவர் சிலரே என்பதால், அடியைத் தாங்கும் வலுவைக் குறைக்கிற காரணிகளை அவர்கள் தேடினர். நான்கு வெளிப்பட்டன: 11 வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல், 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வீட்டில் இருத்தல், வெளியே வேலை இல்லாமை, கணவரிடமோ துணைவரிடமோ மனம்விட்டுப் பேசும் உறவு இல்லாமை. இவற்றில் கடைசியானதே மிக வலியது. கடும் நிகழ்ச்சியைச் சந்தித்த பெண்களில், கணவரிடம் எதையும் சொல்ல முடிந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே மனச்சோர்வு கண்டது. அத்தகைய உறவே இல்லாதவர்களில் பத்தில் நால்வர் வரை வீழ்ந்தனர். தாயிடமும் தங்கையிடமும் தோழியிடமும் பேசியது அதே அளவு காக்கவில்லை. இந்தப் பட்டியலில் மனத்துக்கு உள்ளேயிருக்கும் காரணிகளும் வெளியே வீட்டிலும் வேலையிலும் இருக்கும் காரணிகளும் ஒரே தராசில் வைக்கப்பட்டிருப்பதே இவ்வாய்வின் பெருஞ்சிறப்பு. ஒரு பெண்ணின் மனவலுவைப் பேசும்போது அவருடைய வீட்டில் எத்தனை குழந்தைகள், கையில் வேலை உண்டா என்று கேட்காமல் நகர முடியாது என்ற நெறியை அது நிலைநாட்டியது. பௌல்பி தம் மூன்று தொகுதி நூலின் இறுதித் தொகுதியில், 1980இல், இம்முடிவுகளைத் தம் கோட்பாட்டுக்குத் துணையாக எடுத்தாண்டார்.

வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் பிரவுன், ஹாரிஸ் குழு, இளமையில் தாயை இழந்த பெண்களைத் தேடி ஆராய்ந்தது. இழப்பைக் காட்டிலும் இழப்புக்குப் பிறகு கிடைத்த அல்லது கிடைக்காத கவனிப்பே பின்னாளைய மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையது என்று 1986இல் வெளியான முடிவுகள் கூறின. பாட்டியோ சிற்றன்னையோ அன்போடு வளர்த்த பெண்ணுக்குத் தாயின் சாவு தலைவிதியாகவில்லை.

லண்டனின் இஸ்லிங்டனில் ஏறத்தாழ 400 தொழிலாளர் வர்க்கத் தாய்மார்களை ஓராண்டு இடைவெளியில் இருமுறை சந்தித்த அக்குழுவின் ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது. முதல் சந்திப்பில் கணவரிடம் மனம்விட்டுப் பேசுவதாகச் சொல்லியும், நெருக்கடி வந்தபோது அந்தக் கணவரின் துணை கிடைக்காமல் ஏமாந்த பெண்கள் மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாயினர். நல்ல மணவாழ்வு என்று அப்பெண்ணே சான்றளித்தாலும் போதாது, வேண்டிய நேரத்தில் கணவர் உண்மையிலேயே என்ன செய்தார் என்பதே மனநலத்தைத் தீர்மானித்தது.

இந்த லண்டன் மரபு இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்கையில், அமெரிக்காவில் வேறொரு பாதை திறந்தது. பௌல்பியிடம் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், உகாண்டாவிலும் பின்னர் பால்டிமோரிலும் தாய்சேய்களைக் கூர்ந்து நோக்கி, குழந்தைகளின் பிணைப்பைப் பாதுகாப்பானது, விலகுவது, பதறுவது என மூவகையாகப் பிரித்திருந்தார். டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிண்டி ஹாசானும் ஃபிலிப் ஷேவரும் இம்மூன்றையும் காதலுக்குப் பொருத்தி, ராக்கி மௌண்டன் நியூஸ் என்னும் டென்வர் நாளிதழில் 1985ஆம் ஆண்டு ஒரு காதல் வினாத்தாளை அச்சிட்டனர். மூன்று சிறு பத்திகளில் தமக்கு எது பொருந்தும் என்று வாசகர்கள் குறித்து அனுப்ப வேண்டும். முதலில் வந்த 620 விடைகளில் 415 பெண்களுடையவை. விடையளித்தவர்களில் 42 விழுக்காட்டினர் மணமானவர்கள். ஏறக்குறைய 56 விழுக்காட்டினர் தம்மைப் பாதுகாப்பான பாங்கினராகவும், 25 விழுக்காட்டினர் விலகுபவராகவும், 19 விழுக்காட்டினர் பதறுபவராகவும் அடையாளம் காட்டினர். 1987இல் இது வெளிவந்ததும் ஆய்வுகள் பெருகின. 1991இல் கிம் பார்தலமியூ தம்மைப் பற்றிய நம்பிக்கை, பிறரைப் பற்றிய நம்பிக்கை என்னும் இரண்டையும் குறுக்கே வைத்து நான்கு பாங்குகளாக்கினார். 1998இல் ஷேவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1,086 மாணவர்களின் விடைகளிலிருந்து 36 வினாக்கள் கொண்ட அளவுகோலை அமைத்து, பதற்றம், தவிர்ப்பு என்னும் இரு அளவுகளில் எல்லோரையும் வைக்க வழிசெய்தனர்.

இவ்வளவுகோல் எளிதானது, ஆயிரம் பேரிடம் ஒரே நாளில் கேட்டுவிடலாம், புள்ளியியல் முறைகளுக்கு நன்கு ஒத்துழைக்கும். அதன் பயன் பெரிது. ஆனால் 36 வினாக்களில் வாடகை பாக்கி இல்லை, குழந்தைகளின் எண்ணிக்கை இல்லை, கணவர் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் இல்லை. கணவர் அடிக்கடி வீட்டை விட்டுப் போய்விடுகிற பெண்ணும், எந்தக் காரணமும் இன்றி அஞ்சுகிற பெண்ணும் அதில் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். வடகடல் எண்ணெய்த் தளங்களில் முறைவைத்து வேலைபார்த்த ஆண்களின் மனைவியரை அபர்தீனில் ஆராய்ந்த மனநல மருத்துவர்கள், கணவர் வருவதும் போவதுமாக இருப்பதோடு சேர்ந்தே பதற்றமும் மனச்சோர்வும் தோன்றி மறைவதை 1970களின் பிற்பகுதியிலிருந்து எழுதி வந்தனர். அம்மனைவியரில் ஒருவரிடம் வினாத்தாளைக் கணவர் கரையில் இருக்கும் வாரத்தில் கொடுப்பதா, கடலில் இருக்கும் வாரத்தில் கொடுப்பதா என்பது சிறிய கேள்வியல்ல.

லண்டன் குழுவில் பயின்ற அன்டோனியா பிஃபுல்கோ இக்குறையை உணர்ந்து, பிணைப்புப் பாங்கை அளக்கும் நேர்காணல் முறை ஒன்றை வகுத்தார். அதில் முதலில் கேட்கப்படுபவை உணர்ச்சிகளைப் பற்றிய வினாக்கள் அல்ல. கணவரிடமும் மிக நெருங்கிய வேறு ஓரிருவரிடமும் அண்மையில் எந்தக் கவலையைச் சொன்னார், சொன்னபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்ற வினாக்களே. அத்தகைய உறவுகளை ஏற்படுத்திக் காத்துக்கொள்ளும் திறன் அவற்றிலிருந்து மதிப்பிடப்பட்ட பின்னரே, நம்பிக்கையின்மை, நெருங்கத் தயக்கம், புறக்கணிக்கப்படுவோமோ என்ற அச்சம், பிறரைச் சாராத தன்மை, துணை நாடும் விருப்பம், பிரிவச்சம், சினம் என ஏழு மனப்போக்குகள் ஆராயப்படுகின்றன. ஒட்டிக்கொள்ளுதல், அஞ்சுதல், சினந்து ஒதுக்குதல், ஒதுங்கியிருத்தல் என்னும் பாங்குகளோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமையானது என்பதும் குறிக்கப்படுகிறது. 2002இல் வெளியான முடிவுகளின்படி, முதல் மூன்று பாங்குகள் கடுமையாக இருந்த பெண்களிடமே மனச்சோர்வு மிகுந்தது. ஒதுங்கியிருக்கும் பாங்கு அவ்வாறு ஊறு செய்யவில்லை. பாதுகாப்பற்ற பாங்கு எல்லாமே நோய்க்கு வழி என்ற எண்ணம் தவறு என்பதை இது காட்டியது.

பாங்கு மாறுமா என்ற கேள்வியும் திருமணத்தை வைத்தே சோதிக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் ஜூடித் குரோவெல்லும் சக ஆய்வாளர்களும் 157 இணைகளைத் திருமணத்துக்கு மூன்று மாதம் முன்னும் பதினெட்டு மாதம் பின்னும் நேர்காணல் செய்தபோது, 78 விழுக்காட்டினரின் வகை மாறவில்லை. மாறியவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான நிலையை நோக்கியே நகர்ந்தனர். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் புதுமணத் தம்பதியரைப் பின்தொடர்ந்த ஆய்வும் மணவாழ்வின் தொடக்க ஆண்டுகளில் பாதுகாப்புணர்வு சராசரியாகக் கூடுவதைக் கண்டது.

கணவரின் அருகாமை மூளையில் எப்படிச் செயல்படுகிறது என்பதும் சோதிக்கப்பட்டது. விஸ்கான்சினில் ஜேம்ஸ் கோன் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியான மணவாழ்வு நடத்திய 16 பெண்கள் மூளைப் படக் கருவிக்குள் படுத்தனர். திரையில் ஒரு குறி தோன்றினால் கணுக்காலில் மின்னதிர்ச்சி வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஒரு முறை கணவரின் கையையும், ஒரு முறை அறிமுகமற்ற ஆணின் கையையும் பற்றியிருந்தனர். ஒரு முறை யார் கையையும் பற்றவில்லை. கணவரின் கையைப் பற்றியபோது அச்சத்துக்குரிய மூளைப்பகுதிகளின் எழுச்சி மிகவும் தணிந்தது. மணவாழ்வில் நிறைவு மிகுந்த பெண்களிடம் தணிவும் மிகுந்தது. மணவாழ்வில் குறைபட்டிருந்த பெண்களைக் கொண்டு சூ ஜான்சனும் கோனும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் கணவரின் கை எந்தக் காப்பும் தரவில்லை. பிணைப்புக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு ஜான்சன் உருவாக்கிய சிகிச்சைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, அஞ்சும் நேரத்தில் ஒருவரையொருவர் அழைக்கவும் அழைப்புக்கு விடைதரவும் பழகிய பின்பு, அதே பெண்கள் அதே கருவிக்குள் அதே கையைப் பற்றியபோது மூளையின் பதற்றம் தணிந்தது.